ஏரிக்கரையில் விருந்தாளிகள்

குளிர்காலச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று சங்கத்து நிர்வாகக் குழுவினர் உறுப்பினர்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை அல்ல. ஆகவே என் அபிப்பிராயத்தை எழுத முன்வருகிறேன். படிப்பவர்களில் சிலருக்கு மனம் கசக்கும்; சிலருக்குப் படிக்கும்போதே கால் வலிக்கும். இரு சாராரும் பொறுத்தருள வேண்டும்.

தில்லிக்குப் படிக்க வந்த நாம், ஆண்டுதோறும் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி ஆக்ராவுக்கோ ஜெய்ப்பூருக்கோ போய் வருகிறோம். பஸ் புறப்பட்டதும் பாட்டுக்குப் பாட்டு. இறங்கியதும் புகைப்படம். அதன் பிறகு, "நல்ல சோறு எங்கே கிடைக்கும்?" என்னும் மாபெரும் ஆராய்ச்சி. போன ஊரைத் தெரிந்துகொள்ளாமல், கூட வந்தவர்களை முன்பு தெரிந்த அளவுக்கே தெரிந்துகொண்டு, மறுநாள் காலை விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். இதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தது, ஒரு பஸ்ஸுக்குள்ளே மறுபடியும் திருநெல்வேலியைப் பார்ப்பதற்குத்தானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கு மாறான ஒரு பிரயாணத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். நான் ஞாயிறுதோறும் போகும் சபையின் மாணவர் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர், சென்ற அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ஏறி, சனிக்கிழமை காலை ஹிமாசலப் பிரதேசத்து மண்டி நகரில் இறங்கினோம். அங்கிருந்து ஜீப்பில் பாகி என்னும் சிற்றூர். பாகியிலிருந்து ஓடையைக் கடந்து, காட்டு வழியே ஏழெட்டுக் கிலோமீட்டர் ஏறினால் பராசர் ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் 2,730 மீட்டர் உயரம். பதினான்கு பேரில் தமிழர் ஆறு பேர். மற்றவர்கள் மிசோரம், நாகாலாந்து, கேரளம், ஜார்க்கண்ட், பஞ்சாப் என்று பல திசையினர். திங்கட்கிழமை காலை முதல் வகுப்புக்கு எல்லோரும் வந்துவிட்டோம். எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது வேறு விஷயம்.

பெயரைப் பார்த்தவுடனே ஊகித்திருப்பீர்கள். வியாசரின் தந்தையாகிய பராசர முனிவருக்கு அந்த ஏரிக்கரையில் கோயில் இருக்கிறது. மூன்று அடுக்குக் கூரையோடு, கல்லும் மரமும் மாறி மாறி அடுக்கிய சுவரோடு, மரத்தில் நுட்பமான செதுக்கு வேலைகளோடு நிற்கும் அந்தக் கோயிலை மண்டியை ஆண்ட பாண்சேனர் என்ற அரசர் கட்டினார் என்பர்; பதின்மூன்று அல்லது பதினான்காம் நூற்றாண்டு. நம் ஊர்க் கோபுரத்தைத் தேடும் கண்ணுக்கு முதலில் அது கோயிலாகவே தெரியாது. ஏரியோ சிறியது. அதில் புல் மண்டிய வட்டமான ஒரு தீவு மிதந்துகொண்டிருக்கிறது. காலத்துக்குக் காலம் அது இடம் மாறும். ஏரியின் ஆழத்தை அளந்தவர் இல்லை என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்லுகிறார்கள். தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. சுற்றிலும் வேலி உண்டு. வடக்கே தௌலாதார் மலைத்தொடரின் பனி முகடுகள் தெரியும். பராசர முனிவர் யமுனையைக் கடக்க ஓடம் ஏறியபோதுதான் சத்தியவதியைக் கண்டார் என்பது மகாபாரதக் கதை. அந்த யமுனையைத்தான் நாம் தில்லியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம்.

"கோயில் ஏரிக்குக் கிறிஸ்தவ வாலிபர்களுக்கு என்ன வேலை?" என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு மலைக்குப் போவதா?" என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். இருவருடைய கேள்வியும் நியாயமானவை. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மூட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஏனென்றால் மலையில் எல்லா விஷயமும் மூட்டையிலிருந்தே தொடங்குகிறது.

கிறிஸ்தவர்களுக்கும் மலை ஏரிக்கும் நம் நாட்டில் பழைய சம்பந்தம் உண்டு. மதுரைச் சீமையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிமார் காய்ச்சலுக்கு அஞ்சி, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து அங்கே ஏரியை உண்டாக்கினார். அந்த நாளில் மேலே போன துரைமாரும் துரைசாணிகளும் சுகமாக உட்கார்ந்து போனார்கள். அவர்களைத் தோளில் சுமந்தவர்கள் நம் ஆட்கள். மலையின் காற்று ஒருவருக்கு, மலையின் பாரம் இன்னொருவருக்கு என்ற அந்தப் பங்கீடு இன்றும் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. இமயத்தில் இன்று பிரயாணம் ஏற்பாடு செய்யும் கம்பெனிகள், "உங்கள் பையைக் கோவேறு கழுதை சுமக்கும், நீங்கள் கையை வீசி நடக்கலாம்" என்று ஆசை காட்டுகின்றன. எங்கள் குழுவிலும் இந்த யோசனை எழுந்தது. வேண்டாம் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். சுமை தூக்கிப் பிழைப்பவரின் வாயில் மண்ணைப் போடுவது என் நோக்கம் அல்ல. ஏழு நாள், பத்து நாள் பிரயாணத்துக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. அப்போது நியாயமான கூலி கொடுத்து அழைத்துப் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஓர் இரவு தங்குவதற்கு இருபது வயதுப் பிள்ளைகளின் போர்வையை இன்னொரு ஜீவன் சுமக்க வேண்டுமா?

சுந்தர்சிங் என்று பெயர் வைத்துக்கொண்ட தமிழர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பஞ்சாபிப் பெயர் நமக்கு எப்படி வந்தது என்று விடுதியில் ஒரு சர்தார்ஜி நண்பர் வியந்து போனார். சாது சுந்தர்சிங் 1889இல் பஞ்சாபில் பிறந்தவர். 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றவர். கோட்கர் மலைப்பகுதியைத் தாண்டித் திபேத்துவரை காலால் நடந்தவர். 1918இல் தென்னாட்டுக்கு வந்தபோது அவரைக் காண ஜனங்கள் திரண்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1929இல் மறுபடியும் மலையேறிப் போனவர் திரும்பவே இல்லை. காவியுடை, ஒரு போர்வை, ஒரு புதிய ஏற்பாடு, இவையே அவருடைய பிரயாணச் சாமான்கள். அவரைப் போல் நம்மால் ஆகாது. ஆனால் அவருடைய பெயரை வைத்துக்கொண்ட எங்கள் குழு நண்பர் கொண்டுவந்த சாமான்களில் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று இருந்தது என்பதைச் சரித்திரத்தில் பதிவு செய்வது என் கடமை.

அதற்கு அவர் சொன்ன நியாயம் விஞ்ஞான பூர்வமானதுதான். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது; பராசர் ஏரி உயரத்தில் சுமார் 91 டிகிரியில் கொதிக்கும்; சோறு எளிதில் வேகாது. ஆகவே குக்கர் இன்றியமையாதது என்றார். சோறே இன்றியமையாததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களில் தமிழர் இல்லை என்று திருத்திச் சொல்லுகிறேன். மிசோரம் தோழரும் சோற்றுப் பிரியர்தான். ஆனால் அவர் அவல் கொண்டுவந்தார். தலைக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் கூடாது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். விடுதி வாசலில் காய்கறி விற்கும் பையாவின் தராசில் ஒவ்வொரு பையாக நிறுத்தபோது, அவர் கத்தரிக்காயை மறந்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார். குக்கர் உள்ள பை பன்னிரண்டரை கிலோ. "நானே தூக்குறேன், உங்களுக்கு என்ன?" என்றார் உரியவர்.

காட்டுப் பாதையில் இரண்டாவது மணி நேரத்தில் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. தில்லி சுமார் 215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே இரவிலும் பகலிலுமாக இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் மேலே ஏறுவது வேடிக்கை அல்ல. அந்த உயரத்தில் சிலருக்குத் தலைவலி தொடங்கிவிடும். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். திரும்பிப் பார்த்தால் குக்கரைக் காணவில்லை. முன்னே போன மிசோரம் தோழரின் பையில் அது இருந்தது. எடுத்ததை அவர் சொல்லவில்லை. கொடுத்ததையும் யாரும் பார்க்கவில்லை. பிறகு நான் விசாரித்தபோது, அவர்கள் மொழியில் 'த்லோம்ஙைஹ்னா' என்று ஒரு சொல் உண்டு என்று கூச்சத்தோடு சொன்னார். பிறர் கேட்குமுன்னே உதவுவது, உதவியதைச் சொல்லிக் காட்டாதது, தன் சௌகரியத்தைக் கடைசியில் வைப்பது, எல்லாம் சேர்ந்த ஒரு சொல். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் என்று நான் பதிலுக்குச் சொன்னேன். சொன்னவன் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது; செய்தவர் முதுகில் குக்கர் இருந்தது.

இரண்டு ஆண்டுகளாக ஒரே சபையில் பாடுகிறோம். தமிழர்கள் இடப்பக்கத்துப் பெஞ்சு, வடகிழக்கு மாநிலத்தார் வலப்பக்கத்துப் பெஞ்சு. ஆராதனை முடிந்ததும் "பிரதர்", "சிஸ்டர்" என்று கை குலுக்கிவிட்டு அவரவர் கூட்டத்தோடு தேநீர். அவர் ஊர்ப் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டதில்லை. அந்த ஏற்றத்தில்தான் கேட்டேன். மூச்சு வாங்கும்போது மனிதன் தன் மாநிலத்தை மறந்துவிடுகிறான் போலும்! இது பஸ் பிரயாணத்தில் நடக்காது. பஸ்ஸில் அவரவர் ஸீட்டு அவரவருக்கு.

இனி ஏரிக்கரை விஷயம்.

ஏரிக்குச் சற்றுத் தள்ளி, சரிவில் ஒரு தாபாக்காரர் காட்டிய இடத்தில் கூடாரம் அடித்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு (குக்கர் தன் மானத்தைக் காத்துக்கொண்டது) மறுநாள் ஞாயிறு ஆராதனையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. "ஏரிக்கரையில்தான், சூரியன் உதிக்கும்போது" என்றார்கள் பலர். எங்களிடம் ஒரு கிட்டார் இருந்தது. வேதாகமத்தில் கலிலேயாக் கடல் என்று சொல்லப்படுவதே ஓர் ஏரிதான். கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருக்கும் ஏரி. அதன் கரையில் நடந்த உபதேசங்களை நினைத்துக்கொண்டு, பனிமலையைப் பார்த்துக்கொண்டு, பாடி ஜெபிப்பதைவிடப் பேறு உண்டா என்று ஒருவர் உருகினார்.

அப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஓராவோன் இனத்துத் தோழி, "அது அவர்களுடைய ஏரி அல்லவா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். கூடாரத்துக்குள் வாதம் தொடங்கியது.

எங்கள் நாகர்கோவில் நண்பர் சூடாகிவிட்டார். "என்னண்ணே, நாம ஒளிஞ்சு நின்னா ஜெபம் பண்ணணும்? மார்கழி மாசம் விடியக்காலை நாலு மணிக்கு நம்ம ஊர்த் தெருவெல்லாம் பஜனை பாடிக்கிட்டுப் போறோம். பிள்ளையார் கோயில் தெரு வழியாத்தானே போறோம்? ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லையே. காபி போட்டுல்லா கொடுக்காங்க!" என்றார். அவர் சொன்னது உண்மை. நானும் அந்தத் தெருக்களில் ஜால்ரா தட்டியவன். நம்பிக்கையை வெளியே காட்ட வெட்கப்படுகிறவன் எதை நம்புகிறான் என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தத் தெரு யாருடைய தெரு? அது நம் தெரு. காபி கொடுக்கும் அம்மாளின் மகன் நம்மோடு படித்தவன். அவர்கள் வீட்டுக் கொடைக்கு நாம் போயிருக்கிறோம். நம் அசனப் பண்டிகையில் அவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தலைமுறை கொடுத்து வாங்கிச் சம்பாதித்த உரிமை அது. சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு வந்து ஞாயிறு நண்பகலில் போய்விடுகிற நாம், பராசர் ஏரிக்கரையில் என்ன சம்பாதித்திருக்கிறோம்? அந்த மலைக்காரர்களே காலை நனைக்காத தண்ணீர் அது. சுற்றுலாக் காரர்கள் பெட்டி வைத்துச் சினிமாப் பாட்டுப் போடுவதைச் சகித்துக்கொள்ளுகிறார்கள் என்பது நமக்குச் சாக்காகாது. அவர்கள் பாட்டுப் போடுவது விவரமில்லாமல். நாம் பாடினால் அது ஜெபம், விவரத்தோடு செய்வது. இன்னொருவர் தொழும் இடத்தின் வாசலில் நம் தொழுகையை உரக்க நடத்தினால், அதைக் கேட்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிப்பது கோழைத்தனம் ஆகுமா? நம் கோயில் முற்றத்தில், ஆராதனை வேளையில், இன்னொரு கூட்டம் வந்து அன்போடுதான் என்றாலும் தன் பாட்டைப் பாடினால் நமக்கு எப்படி இருக்கும்?

வாதத்தை முடித்தவர் நான் அல்லன். கிட்டாருக்கு உரியவர், அதே மிசோரம் தோழர்தான். வெகுநேரம் பேசாதிருந்தவர், தங்கள் முன்னோர்களின் ஏரியைப் பற்றிச் சொன்னார். ரி தில் என்று அதற்குப் பெயர். இறந்தவர்களின் ஆவி அந்த ஏரி வழியாகத்தான் மறுமை உலகுக்குப் போகிறது என்று கிறிஸ்தவம் வருமுன் மிசோக்கள் நம்பினார்கள். இன்றைக்கு அந்த ஏரி எல்லைக்கு அப்பால் மியான்மாரில் இருக்கிறது. "மிசோரத்தின் பெரிய ஏரி பர்மாவில் இருக்கிறது" என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டாம். அவர்கள் வீட்டில் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அந்தப் பழைய நம்பிக்கை இப்போது யாருக்கும் இல்லை. "ஆனாலும் அந்தத் தண்ணீரில் யாராவது கல்லெறிந்தால் என் பாட்டிக்குப் பொறுக்காது" என்றார். பிறகு கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். நாகர்கோவில் நண்பர் சிறிது நேரம் கழித்து, "சரி, மேல ஏறி வச்சிக்கிடுவோம்" என்றார்.

அவ்வண்ணமே, விடியுமுன் எழுந்து, ஏரியும் கோயிலும் கண்ணுக்குத் தெரிய, குரல் எட்டாத தொலைவில் ஒரு மேட்டுக்கு ஏறினோம். 121ஆம் சங்கீதத்தை ஐந்து மொழிகளில் ஐந்து பேர் வாசித்தார்கள். வாத்தியம் இல்லாமல் பாடினோம். புல்லெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. விரல்கள் மரத்துப் போயின. கீழே கோயில் மணி கேட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை. இறங்கி வந்து தாபாவில் பரோட்டாவும் தேநீரும் சாப்பிடும்போது, "மதராஸி பஜன் எந்தத் தேவதைக்கு?" என்று தாபாக்காரர் கேட்டார். மேட்டுச் சரிவில் ஆடு தேடிப் போன அவர் பையன் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறான். உள்ளதைச் சொன்னோம். "ஓ, மனாலி மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள்!" என்று அவர் சிரித்துவிட்டு, தம் மூத்த மகள் பிறந்தது அங்கேதான் என்றார். பிறகு பீமன் முழங்கையால் மலையை இடித்து இந்த ஏரியை உண்டாக்கிய கதையை அவர் அரை மணி நேரம் சொன்னார். எங்களில் பாதிப்பேருக்கு ஹிந்தி அரைகுறை. இருந்தாலும் பீமன் யார் என்று தெரிந்தவர்களுக்குக் கதை விளங்கிவிட்டது.

ஆகவே, "கோயில் ஏரிக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: விருந்தாளியாகப் போகும் வேலை. விருந்தாளி செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எந்த அறைக்குள் நுழையக் கூடாது என்று தெரிந்துகொண்டு நடப்பான். அதற்காக அவன் தன் வீட்டுப் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சபைப் பெரியவருக்குச் சொல்லும் பதில் வேறு. "மலையே கோயில், காடே ஆலயம், ஆராதனை எதற்கு?" என்று சில நண்பர்கள் அவரிடம் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலை அழகாயிருக்கிறது என்பதற்காக அது சபையாகிவிடாது. சபை என்பது நமக்குப் பிடிக்காதவரும் பக்கத்தில் உட்காரும் இடம். இருமுகிற கிழவரும் அழுகிற குழந்தையும் இருக்கும் இடம். மலையில் இருபது வயதுக்காரர்கள் மட்டும்தான் இருந்தோம். ஆகையால் பருவத்துக்கு ஒரு ஞாயிறு போதும். மாதந்தோறும் போவதை நானே எதிர்ப்பேன். இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. மிசோரம் தோழரை ஒரு ஞாயிறு பகல் உணவுக்கு அழைத்திருக்கிறார்.

நிற்க. இன்னொரு விஷயத்தைப் பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லுகிறேன். இந்தப் பிரயாணத்துக்குப் பெயர் கொடுத்த மாணவியர் ஏழு பேர். வந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூவருக்கும் ஒரு விடுதியில் இரவு வெளியே தங்க அனுமதி கிடைக்கவில்லை. தகப்பனார் எழுதிய கடிதம் இருந்தது. சபைப் போதகர் எழுதிய கடிதமும் இருந்தது. "உள்ளூர்க் காப்பாளர் நேரில் வர வேண்டும்" என்று கடைசி நாளில் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிமார் யாரிடமும் ஒரு கையெழுத்துக்கூட வாங்காமல் பஸ் ஏறினார்கள். தில்லியில் 2015இல் மாணவியர் இந்த விடுதி விதிகளை எதிர்த்துப் 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று இயக்கமே நடத்தினார்கள். சில இடங்களில் கதவு சற்றுத் திறந்தது. பல இடங்களில் பூட்டு மாறவில்லை. நம் சங்கச் சுற்றுலாவில் மாணவியர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது என்று செயலாளர் வருத்தப்படுகிறார். வருத்தப்படுவதோடு நிற்காமல், ஒரு மாதம் முன்னதாகவே விடுதிக் காப்பாளர்களை நேரில் கண்டு பேச வேண்டும் என்பது என் யோசனை. மேலே ஏறியதில் முதலில் ஏரியைக் கண்டவர்கள் அந்த நால்வரில் இருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பயப்படுகிற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2014 ஜூன் 8ஆம் தேதி, இதே மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்த, நம்மைப் போன்ற வாலிபர்களும் பெண்களும். 2023 ஜூன் மாதக் கடைசியில், நாங்கள் நடந்த பாகி ஓடையிலேயே திடீர் வெள்ளம் வந்து, ஏரிக்குப் போன இருநூறு பேருக்கு மேல் வழியில் அகப்பட்டுக்கொண்டார்கள். இந்த மூன்றையும் புறப்படுமுன் எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினோம். சிலர் முகம் சுளித்தார்கள். படித்தது நல்லதென்றே நினைக்கிறேன்.

இவற்றில் எதுவும் வீட்டில் கிடந்தால் பிழைத்தோம் என்று காட்டவில்லை. மழைக்காலத்தில் ஓடை வழியே போகாதே, கோடையில் காய்ந்த புல்மலையில் வழி தெரியாமல் ஏறாதே, அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காதே என்றுதான் காட்டுகின்றன. அக்டோபரைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். மழை ஓய்ந்திருக்கும், பனி இன்னும் விழுந்திராது. குழுவுக்கு ஒரு தலைவி இருந்தாள். கேரளத்துக்காரி, மூத்தவள், எல்லோருக்கும் 'சேச்சி'. பிற்பகல் மூன்றரை மணிக்குள் ஏரி வராவிட்டால் எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவது என்பது அவள் உத்தரவு. மூன்று மணிக்கு ஏரி வந்தது. மூன்றே முக்காலுக்கு வரும் நிலை இருந்திருந்தால் பாதிப்பேர் அவளோடு சண்டை போட்டிருப்போம். அவள் விட்டுக்கொடுத்திருக்கவும் மாட்டாள். இன்னொரு விதி, நடையில் மிகவும் மெதுவானவர் முன்னால், வேகமானவர் பின்னால். இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. காட்டுக்குள் போனதும் அதன் அருமை தெரிந்தது. நம் தமிழ்நாட்டிலும் குரங்கணிக்குப் பிறகு வெகுகாலம் மலையேற்றத்துக்கு இருந்த கெடுபிடி போய், 2024 அக்டோபரில் வனத்துறையே நாற்பது மலைவழிகளை வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்கத் தக்கது.

குப்பை விஷயம் ஒன்று பாக்கி. ஹிமாசலப் பிரதேசம் 2009லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. சட்டம் மலையேறி வருவதற்குள் களைத்துப் போகிறது போலிருக்கிறது. பாதை நெடுக நூடுல்ஸ் உறைகள். எங்கள் ஊருக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயில் ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் தாமிரபரணிக் கரை எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவன் நான். ஆகையால் வடக்கத்தியாரைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஏறும்போது கொண்டுபோன உறைகளையெல்லாம் எண்ணி வைத்துக்கொண்டோம், இறங்கும்போது எண்ணிக் கொண்டுவந்தோம். கூடவே பிறர் போட்டதில் இரண்டு பை நிறையப் பொறுக்கினோம். அது கடலில் கரைத்த பெருங்காயம்தான். அதைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்று ஓராவோன் தோழி சொன்னாள், ஒருவரும் போடவில்லை.

இனிச் சங்கத்துக்கு என் யோசனை. குளிர்காலத்தில் பராசர் ஏரியைப் பனி மூடிவிடும். முதல் முறை நடக்கிறவர்களுக்கு அது ஏற்றதுமல்ல. பிப்ரவரியில், ஹிமாசலப் பிரதேசத்துச் சிர்மௌர் மாவட்டத்தில் உள்ள ரேணுகா ஏரிக்குப் போவோம். உயரம் குறைவு, எழுநூறு மீட்டருக்கும் உட்பட்டது. ஏரியைச் சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2005 முதல் அது ராம்சார் ஈரநிலம். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும். பரசுராமரின் தாயாகிய ரேணுகா தேவிதான் அங்கே தெய்வம். நம் நாட்டுப்புறத்தில் அந்த அம்மாளைத்தான் மாரியம்மன் என்று கும்பிடுகிறார்கள் என்று சொன்னால், அங்குள்ள கடைக்காரர்கள் நமக்குத் தேநீரில் சர்க்கரை கூடப் போடக்கூடும். சங்கத்து இந்துத் தோழர்கள் கோயிலுக்குள் போகட்டும். முஸ்லிம் தோழர்களும் நாங்களும் கரையில் பறவை பார்க்கிறோம். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து சுற்றி நடப்போம். தமிழர் அல்லாத நண்பரை ஆளுக்கு ஒருவராவது அழைத்துவர வேண்டும். பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு உண்டு. அவர்களுக்கும் ஒரு முறை விட்டுக்கொடுக்க வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை நூலகத்துப் பின்வாசல் தேநீர்க் கடையில் என்னையோ சேச்சியையோ பார்க்கலாம். பைகளை நிறுக்கக் காய்கறிக்கார பையா இப்போதே சம்மதித்துவிட்டார். குக்கருக்கு உரியவரும் வருகிறார். இம்முறை மூன்று லிட்டர்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.